குண்டு முள்ளெலி

ஏப்ரல் 5, சனி

இன்று முதல் இந்த நோட்டில் எழுதப் போகிறேன். நடந்தது எதுவோ அதை மட்டும்தான் எழுதுவேன், எனக்கு வெட்கமாக இருந்தாலும். பென்சில் வேண்டாம், பேனாதான்; அழிக்க முடியாதல்லவா? பள்ளியில் எனக்கு எல்லாம் மலையாளம். இது தமிழில் இருக்கும். என் தோழி ஷிஜி பின்னால் நின்று எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

பெயர் ராகேல். வயது பதிமூன்று. ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. என் நோட்டில் நானே என்னை அறிமுகம் செய்வது வேடிக்கைதான். ஆனாலும் முதல் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமே.

திங்கட்கிழமை முதல் சர்ச் ஹாலில் அம்மாவின் விடுமுறை வகுப்பு. கரமனைப் பக்கம் எழும்புகிற அடுக்குமாடிகளில் கல்லும் மண்ணும் சுமக்கிறவர்களின் பிள்ளைகள் வருவார்கள். பாதிப்பேர் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம். இந்த வருடம் ஒரு விசேஷம் உண்டு. பின்லாந்திலிருந்து ஐனோ என்று ஒரு பெண், சம்பளம் இல்லாமல் ஐந்து வாரம் கைவேலை சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் யார்? நான்!

"மதாம்மா சொல்லுகத நீ சொல்லணும், பிள்ளைய சொல்லுகத அவகிட்ட சொல்லணும். உன் சொந்த சரக்கு ஒண்ணும் சேக்காதே, கேட்டியா?" என்றாள் அம்மா.

அப்பா தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அப்போ மக்களுக்கு பின்லாந்துக்கு விசா ரெடி, அல்லே?" என்றார். 'மக்கள்' என்றால் எங்கள் வீட்டில் நான்தான்.

சிரிக்கட்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

ஐனோவுக்கு இருபத்தொரு வயது. பிள்ளைகள் அவளை மலையாளத்தில் 'சேச்சி', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறார்கள். புருவமும் வெள்ளையாக இருக்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றுகிறாள். கொண்டுவந்த பை நிறையக் கலர் பேப்பரும் பசையும் இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே ஆறு கத்தரிக்கோல் மட்டும். இங்கே கிடைப்பதை வைத்துத்தான் எல்லாம் செய்ய வேண்டுமாம். பழைய பேப்பர், தீப்பெட்டி, ஈர்க்கு, பலா இலை. பசைக்கு அம்மா மைதா காய்ச்சினாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறாள். பிள்ளை எவ்வளவு கோணலாக ஒட்டினாலும் தொட மாட்டாள். நான் ஒரு பையனின் பேப்பரை வாங்கி நேராக மடக்கிக் கொடுத்தேன். ஐனோ என் காதருகில் சொன்னாள்: "அது இப்போது உன்னுடையது ஆகிவிட்டது, ராகேல். அவனுடையது அல்ல."

அவள் என் பெயரைச் சரியாகச் சொல்கிறாள்.

போகும்போது, நீ இல்லாவிட்டால் நான் ஊமை என்றாள். அப்படியே எழுதுகிறேன்: நான் இல்லாவிட்டால் அவள் ஊமை.

ஏப்ரல் 9, புதன்

கடைசி அரை மணி நேரம் என்னுடையது. நான் கதை வாசிப்பேன். மூன்றாம் வகுப்பில் சண்டே ஸ்கூல் முதல் பரிசாகக் கிடைத்த பெரிய எழுத்துக் கதைப்புத்தகம். முதல் பக்கத்தில் குடை பிடித்த யானை. நான் தமிழ் வாசிக்கப் பழகியதே அதில்தான்.

வாசித்து முடித்ததும் ஒரு பெண் வந்து நின்றாள். மாடம்மாள், வயது பதினொன்று. அம்மா அப்பாவோடு ஒவ்வொரு கட்டடமாக மாறியதில் இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடம் போகவில்லையாம்.

"ஏக்கா, இந்தப் புஸ்தகத்த எனக்குத் தாரீங்களா? ஜூன்ல என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு ஒங்கம்மா சொல்லுதாவ. எழுத்துக்கூட்டக்கூட மறந்துட்டு. அங்க போயி முழிச்சா எல்லாரும் சிரிப்பாவ. வாசிக்க வரலன்னா நான் போவ மாட்டேன்க்கா."

எல்லாக் கதையும் பிள்ளைகளுக்கு வாசித்து முடித்ததும் தருகிறேன், இந்த மாதக் கடைசிக்குள், என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

பேப்பர் ரோஜா. நான் ஐனோ சொன்னதை எல்லாம் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மாடம்மாள் செய்து முடித்துவிட்டாள். அவள் என் வாயைப் பார்க்கவே இல்லை. ஐனோவின் விரலைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நானும் ஒன்று செய்தேன். எட்டு வயது கௌசல்யா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ராகேலக்கா, ஒங்க முட்டைக்கோஸ் நல்லா இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவள் என்ன சொன்னாள் என்று ஐனோ கேட்டாள். மொழிபெயர்க்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று விஷு லீவு. இன்று தீப்பெட்டி வண்டி.

ஐனோ ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் "சக்கரத்துக்கு" என்று தொடங்குவதற்குள் மாடம்மாள் ஈர்க்கை ஒடித்துச் சக்கரத்துக்குள் செருகி, உயர்த்திக் காட்டினாள். ஐனோ கைதட்டினாள். "இவளுக்கும் எனக்கும் பேச்சே வேண்டாம்!"

இதையும் என்னிடமே சொன்னாள். மொழிபெயர்க்கச் சொல்லி.

சொன்னேன். சொந்தச் சரக்கு சேர்க்காமல்.

ஏப்ரல் 16, புதன்

இன்று ஐனோ என்னிடம் ஆறு வாக்கியம் பேசினாள். நான்கில் மாடம்மாள் இருந்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

ஐனோ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். மூன்று நாளாகத் திட்டம் போட்டிருந்தேன்: என் புத்தக அலமாரியைக் காட்டுவது, எந்தப் புத்தகம் முதலில் என்பது வரை. சாப்பிட்டு முடித்ததும் அவள் போனில் படங்களைக் காட்டினாள். மாடம்மாள் கை. மாடம்மாள் கையும் ரோஜாவும். மாடம்மாள் தீப்பெட்டி வண்டியைத் தள்ளுகிறாள். மாடம்மாள் சிரிக்கிறாள். ஒரு படத்தில் ஓரமாக ஒரு முழங்கை. பச்சைக் கட்டம் போட்ட சட்டை. அது நான்.

அலமாரியைப் பார்த்தாள். நிறைய இருக்கிறதே என்றாள். பிறகு, மாடம்மாள் எங்கே தங்குகிறாள், அவள் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள்.

அம்மா பாத்திரம் கழுவும்போது, "முகத்த எதுக்கு இப்படித் தூக்கி வச்சிருக்கே பிள்ளே?" என்றாள். தலைவலி என்றேன்.

தலைவலி இல்லை.

என்ன வேண்டும் எனக்கு? ஐனோ என்னை மட்டும் பார்க்க வேண்டுமா? இருபத்தாறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் வாசித்த புத்தகங்களை அவள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எழுத்தே தெரியாது! எழுத்துத் தெரியாதவளை இப்படிக் கொண்டாடினால், தெரிந்தவள் எதற்கு?

ஏப்ரல் 23, புதன்

அடுத்த வேலை, பழைய புத்தகத்தை மடக்கிப் பொம்மை செய்வது. ஒவ்வொரு தாளையும் உள்பக்கமாக மூலைக்கு மூலை மடக்கிக்கொண்டே போனால் புத்தகம் விரிந்து முள் நிற்கிற மாதிரி ஆகிவிடும். ஐனோ போனில் அந்த மிருகத்தைக் காட்டினாள். நான், "முள்ளம்பன்றி" என்றேன்.

"இது முள்ளெலிக்கா" என்றாள் மாடம்மாள். "பன்றி பெருசுல்லா? இது கைக்குள்ள அடங்கும். எங்க ஊர்த் தேரி மணல்ல கெடக்கும். தொட்டா பந்து மாதிரி சுருண்டுக்கிடும்." அவளே கையைச் சுருட்டிக் காட்டினாள். ஐனோ துள்ளினாள். அவர்கள் நாட்டுத் தோட்டங்களிலும் அது வருமாம், அவள் பாட்டுக்கு 'சீலி, சீலி' என்று அவர்கள் மொழியில் அதன் பெயரைச் சொன்னாள். மாடம்மாளும் 'சீலி' என்றாள். இருவரும் நான் இல்லாமலே ஐந்து நிமிடம் பேசினார்கள்.

மொழிபெயர்ப்பாளரைத் திருத்துகிறாள். அதுவும் சரியாகத் திருத்துகிறாள்.

நாளை எல்லோரும் வேண்டாத புத்தகங்கள் கொண்டுவர வேண்டும். அட்டை கூடாது; அட்டை இருந்தால் புத்தகம் வளையாது.

ஏப்ரல் 24, வியாழன்

பழைய கைடுகள், போன வருடப் பஞ்சாங்கம், போதகர் வீட்டிலிருந்து ஒரு டெலிபோன் டைரக்டரி. எல்லாம் சேர்த்து ஒரு குவியல். என் பெரிய எழுத்துப் புத்தகத்தையும் அதில் வைத்தேன். எல்லாக் கதையும் வாசித்தாகிவிட்டது. அட்டை ஏற்கனவே கிழிந்திருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

ஐனோ குவியலிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். மாடம்மாளுக்கு எது போயிற்று என்று நான் எழுத வேண்டுமா? நான் கொடுக்கவில்லை. ஐனோதான் கொடுத்தாள்.

மாடம்மாள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடக்கத் தொடங்கினாள்.

மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று ஐனோ சொல்ல, நானும் சொன்னேன். எல்லோரும் தேய்த்தார்கள். மாடம்மாள் தேய்க்கவில்லை. முள்ளைக் கத்தரியால் நறுக்கிக் கூராக்கச் சொன்னதும் எல்லோரும் நறுக்கினார்கள். அவள் கத்தரியை எடுக்கவே இல்லை. அதனால் மற்றவர்களுடைய முள்ளெலிகள் ஒட்டிப்போய் இருக்க, அவளுடையது மட்டும் புசுபுசுவென்று குண்டாக, மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கண்ணுக்கு இரண்டு மிளகு.

ஐனோ அதை இரண்டு கையிலும் ஏந்தி ஹால் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள். சொல்லிக்கொடுத்ததை மீறிச் செய்கிறவள்தான் கலைஞர் என்றாள். அதையும் நான்தான் உரக்கச் சொன்னேன். தமிழில்.

ஏப்ரல் 28, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 30, புதன்

மாதக் கடைசி. மாடம்மாள் புத்தகத்தைக் கேட்பாள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்று இரண்டு விதமாகத் தயார் செய்திருந்தேன். அவள் கேட்கவில்லை. நான் வேறொரு புத்தகம் வாசித்த கதை நேரத்தில் பின்வரிசையில் போய் உட்கார்ந்து நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாதான் எல்லோர் முன்பும் கேட்டாள். "ஏ ராகேல், அந்தப் பெரிய எழுத்துப் புஸ்தகம் எங்க? மாடம்மாளுக்குக் குடுத்தியா?"

"அது கிழிஞ்சு போச்சும்மா."

மாடம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள். பிறகு நூலுக்குள் குனிந்துகொண்டாள்.

திட்டியிருக்கலாம் அவள்.

மே 3, சனி

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நடந்தது எதுவோ அதை மட்டும்தான் எழுதுவேன் என்று இருக்கிறது. பேனாவால்.

சரி.

அட்டை கிழிந்திருக்கவில்லை. நான் கிழித்தேன். ஏப்ரல் 24 காலை, அம்மா குளித்துக்கொண்டிருக்கும்போது, கட்டிலில் உட்கார்ந்து. லேசில் கிழியவில்லை, முதுகுப்பக்கம் நூல் தையல். அப்பாவின் தையல் கத்தரியால் அந்த நூலை அறுத்தேன். அட்டை என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. அதில் 'முதல் பரிசு, ராகேல்' என்று எழுதியிருக்கிறது.

ஏன் கிழித்தேன்? அவளுக்குக் கையும் இருக்கிறது, ஐனோவும் இருக்கிறாள். எழுத்து ஒன்றுதான் எனக்கு இருந்தது. அதையும் கேட்டாள். அதுவும் அவளுக்கு வந்துவிட்டால்? அவள் என்னைவிட நன்றாக வாசித்துவிட்டால்?

எழுதியாகிவிட்டது. அடிக்கப் போவதில்லை.

மே 8, வியாழன்

இன்று நிறைய எழுத வேண்டும்.

சனிக்கிழமை கண்காட்சி, திங்கட்கிழமை ஐனோ ஊருக்குப் போகிறாள். மத்தியானம் பிள்ளைகள் போன பிறகு மாடம்மாளையும் என்னையும் மட்டும் இருக்கச் சொன்னாள். குண்டு முள்ளெலி மேஜைமேல் இருந்தது. அதைத் தன் ஊருக்குக் கொண்டுபோகட்டுமா, அங்கே ஒரு நூலகத்தில் மாடம்மாளின் பெயரோடு வைப்பார்கள், கேட்டுச் சொல் என்றாள்.

கேட்டேன்.

மாடம்மாள் ரொம்ப நேரம் முள்ளைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு ஐனோவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "கொண்டு போவட்டும்க்கா. சேச்சி ஆசையாக் கேக்காவ. நீங்க ஒரு உபகாரம் செய்யணும். அது போவுறதுக்குள்ள ஒரு தடவ எல்லாக் கதையும் எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. நான் மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்."

நான் முள்ளெலியைக் காட்டினேன். "ஒனக்குத் தெரியுமா, இது அந்தப் புஸ்தகம்னு?"

"மொதப் பக்கத்துலயே யானை இருந்துச்சுல்லா."

"பின்ன எதுக்கு மடக்கினே?"

"சேச்சி கையில குடுத்து மடக்குன்னு சொன்னா வேற என்ன செய்ய? நீங்களும் பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க." முள்ளெலியைத் தன் பக்கம் திருப்பினாள். "நான் கிழிக்கலக்கா. நறுக்கவும் இல்ல. தேய்ச்சா தாள் முறிஞ்சுரும்னு தேய்க்கவும் இல்ல. மடக்குனத நிமித்திருலாம்லா?"

அதனால்தான் அது குண்டாக இருந்தது. புத்தகத்தைக் காப்பாற்றத்தான் அப்படி மடக்கியிருக்கிறாள். நானும் ஐனோவும் அதைக் கலை என்று நினைத்தோம். அதைப் பார்த்துத்தான் நான் அன்றிரவு தூங்காமல் கிடந்தேன்!

ஐனோ எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன சொல்கிறாள், சரி என்கிறாளா என்றாள்.

சரி என்று சொல்லியிருக்கலாம். மாடம்மாள் சொன்னதும் அதுதானே. சொல்லியிருந்தால் முள்ளெலி விமானம் ஏறிப் போயிருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஐனோ என்னைக் கட்டிப்பிடித்து, உன்னை மறக்க மாட்டேன் என்றும் சொல்லியிருப்பாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாடம்மாள் சொன்னதை முதலில், ஒரு சொல் விடாமல். பிறகு என்னுடையதை. சத்தியம் செய்தது, அட்டை, அப்பாவின் கத்தரி. பொறாமை என்பதற்கு இங்கிலீஷ் சொல் எனக்குத் தெரியும், அப்போது வரவில்லை. 'என் நெஞ்சு எரிந்தது' என்று சொல்லி வைத்தேன். அவளுக்குப் புரிந்தது.

ஐனோ திட்டவில்லை. "அந்தப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தது நான்தானே" என்றாள். வெள்ளைப் புருவத்துக்கு அடியில் தோல் சிவந்துபோயிற்று. முள்ளெலியை எடுத்து மாடம்மாளின் மடியில் வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இனி என்ன செய்ய வேண்டும் என்று ஏதாவது சொல்வாள் என்று.

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மே 9, வெள்ளி

அம்மாவிடமும் சொன்னேன். அவள் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "கத்தரியக் கேக்காம எடுத்ததுக்கு அப்பாகிட்ட நீயே போய்ச் சொல்லு. மத்ததுக்கு என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தப் பிள்ளைகிட்டப் போ."

மே 10, சனி

கண்காட்சி. சிமென்ட் கறை காயாத லுங்கியோடு அப்பாக்கள் வந்தார்கள். மாடம்மாளின் அம்மா முள்ளெலியைத் தொடாமல் குனிந்து, "இது நீ செஞ்சதாட்டி?" என்று மூன்று தடவை கேட்டாள்.

மே 12, திங்கள்

ஐனோ போய்விட்டாள். மாடம்மாளைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னையும் கட்டிப்பிடித்தாள், மாடம்மாளைவிடக் கொஞ்சம் குறைந்த நேரம். எண்ணினேன். எண்ணியதையும் எழுதுகிறேன்.

முகவரி எழுதிக் கொடுத்தாள். அவள் கடிதம் போட்டால் மாடம்மாளுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். எனக்கென்று போடுவாளா? கேட்கவில்லை.

மே 13, செவ்வாய்

ஹாலில் நானும் மாடம்மாளும் மட்டும். அம்மா பின்னறையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தாள். முள்ளெலியை நடுவில் வைத்தோம். "நான் செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரியும், மாடம்மா" என்றேன்.

"தெரிஞ்சா வாசிக்கச் சொல்லிக்குடுங்க" என்றாள்.

மிளகுக் கண் இரண்டையும் பிய்த்தாள். முதல் தாளை நிமிர்த்தினாள். யானையின் குடைமேல் குறுக்காக ஒரு கோடு விழுந்திருந்தது. நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு பக்கத்தை வாசித்து முடித்தால்தான் அடுத்ததை நிமிர்த்த வேண்டும்.

இன்று மூன்று தாள். ஒரு சொல்லில் தடுமாறினாள். என் வாய்வரை வந்துவிட்டது. கையைப் பின்னால் கட்டினேன். வாயைக் கட்டுவதுதான் கஷ்டம். அவளே சொன்னாள். "கு-டை-க்-குள்... குடைக்குள்!"

மே 17, சனி

அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், மைதாப் பசையோடு. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ரா-கே-ல்' என்று வாசித்தாள்.

"ஒங்க பேருல்லா இருக்கு. நீங்களே வச்சிக்கிடுங்க."

கோபமா, நியாயமா, தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

மே 21, புதன்

ஒன்பது தாள். நான் ஒரு இடத்தில்கூட வாய் திறக்கவில்லை.

மே 27, செவ்வாய்

மழை விடவில்லை. கட்டட வேலை நின்றிருப்பதால் அவள் அம்மாவும் வந்து சுவரோரம் உட்கார்ந்து கேட்டாள். மாடம்மாள் நரி பேசுகிற இடத்தில் நரி மாதிரியே குரல் மாற்றி வாசித்தாள். நான் இத்தனை நாள் வாசித்தும் எனக்கு ஒருமுறைகூட அப்படித் தோன்றவில்லை. அவள் அம்மா புடவை முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

மறுபடியும் நெஞ்சில் அந்த எரிச்சல். வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது. நான் அடுத்த தாளை நிமிர்த்திக் கொடுத்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி. எனக்கும், மாடம்மாளுக்கும். அவளுக்கு ஆறாம் வகுப்பு. அம்மா கூட்டிக்கொண்டு போகிறாள். அவளுடைய யூனிஃபார்ம் பாவாடையை அப்பா நீளம் குறைத்துத் தைத்துவிட்டார். "முள்ளெலிக்கு முள்ளு மட்டும்தான் பாக்கி" என்று அவளைக் கேலி செய்தார்.

சாயந்திரம் ஹாலுக்கு வந்தோம். மழை இருட்டில் நான்கு மணிக்கே எல்லா டியூப் லைட்டையும் போட வேண்டியிருந்தது. புத்தகம் இனி சரியாக மூடாது. எத்தனை கனம் ஏற்றி வைத்தாலும் வயிறு உப்பியே இருக்கிறது. கடைசிக் கதைக்கு இருபத்திரண்டு தாள்தான் மிச்சம். நான் உட்கார்ந்து முதல் மடிப்பை நிமிர்த்தக் கை நீட்டினேன்.

"வேண்டாம்க்கா" என்றாள் மாடம்மாள். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இந்தக் கதைய நான் வீட்டுல போயி நானே நிமித்தி வாசிச்சுக்கிடுதேன்."

அவளால் முடியும். அது எனக்கும் தெரியும்.

ஹாலின் மூலையில் மிளகு ஒன்று கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மாடம்மாள் முழுக்க நிமிராத அந்தப் புத்தகத்தைப் பாவாடையில் பொதிந்து மழையில் ஓடினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று வாசலில் நின்றேன். பார்க்கவில்லை. நனையாமல் கொண்டுபோக வேண்டுமே.

"வா மக்களே, பூட்டணும்" என்றாள் அம்மா, சாவியோடு. நான் உள்ளே போய்ச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். விளக்குகளெல்லாம் அணைந்தன.